முதல் நாளிலேயே தவறவிடும் பிள்ளைகள்: மாவட்ட மருத்துவமனைகளின் குழந்தை மனநலப் பிரிவுகள் குறித்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலர் அவர்களுக்கும், மருத்துவக் கல்வி இயக்ககத்துக்கும், மாவட்டத் தலைமை மருத்துவமனைக் கண்காணிப்பாளர்களுக்கும், மாவட்ட மனநலத் திட்ட அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

தமிழ்நாட்டில் குழந்தைகளின், வளரிளம் பருவத்தினரின் மனநலப் பணியில் இருக்கும் மருத்துவர்கள், உளவியலாளர்கள், சமூகப் பணியாளர்கள், செவிலியர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். புதிய திட்டம் எதுவும் கேட்டு எழுதவில்லை. திட்டங்களுக்கு இங்கே பஞ்சமில்லை. மாவட்ட மனநலத் திட்டம் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறது. 2013 முதல் தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் குழுக்கள் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் போகின்றன. அவை அனுப்பும் பிள்ளைகளைப் பார்க்க மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய 14416 என்ற மனநலத் தொலைபேசி உதவி எண் இரவு பகலாக இயங்குகிறது. மருத்துவ உதவிக்கு 104 இருக்கிறது, குழந்தைகளுக்கான உதவி எண் 1098 இருக்கிறது. இத்தனை வாசல்களைத் தாண்டி ஒரு பிள்ளை நம் புறநோயாளிப் பிரிவுக்கு வந்து சேரும் அந்த முதல் நாளில் என்ன நடக்கிறது என்பதுதான் எங்கள் கவலை. பெரும்பாலான குடும்பங்கள் நமக்குத் தருவது அந்த ஒரு நாளைத்தான். ஒரு நாள் கூலியை விட்டு, இரண்டு பேருந்து மாறி, பள்ளிக்கு ஏதோ பொய்க் காரணம் சொல்லிவிட்டு வருகிறார்கள். அன்று எதுவும் பிடிபடாமல் திரும்பினால் மறுபடி வருவதில்லை.

2015–16 தேசிய மனநல ஆய்வு தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடந்தது. 13 முதல் 17 வயதுள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாக அது சொன்னது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022இல் மட்டும் நாடு முழுவதும் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்தார்கள். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மகாராஷ்டிரம், தமிழ்நாடு, மத்தியப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களில். இந்த எண்கள் உங்கள் மேசையிலும் இருப்பவைதான். அதனால் இவற்றைப் பற்றி மேலும் பேசாமல் நேரே ஓ.பி. அறைக்கு வருகிறோம்.

மனக்கஷ்டம் என்று சொல்லிக்கொண்டு எந்தப் பிள்ளையும் வருவதில்லை. தீராத வயிற்றுவலி, தலைபாரம், பிரேயரில் மயங்கி விழுவது, "படிப்பு ஏறல", "எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறான்", "செல்லே கதின்னு கிடக்கா" என்றுதான் வருகிறார்கள். வருவதற்கு முன் குழந்தைகள் பிரிவு, ஸ்கேன், தனியார் கிளினிக், மந்திரித்த கயிறு எல்லாம் முடிந்திருக்கும். நம்மிடம் வந்ததும் பெரியவர்களின் வரிசையிலேயே நிற்க வைக்கிறோம். மதுவை நிறுத்த வந்து கை நடுங்கும் ஒருவருக்கும், தனக்குள் பேசிக்கொண்டிருக்கும் ஒருவருக்கும் நடுவில் பள்ளிச் சீருடையில் பிள்ளை உட்கார்ந்திருக்கும். "இங்க எதுக்குக் கூட்டியாந்த?" என்று அது அம்மாவிடம் கேட்கும்போதே நாம் பாதி தோற்றுவிட்டோம். உள்ளே போனால் நாலைந்து நிமிடம். அப்பாவை வைத்துக்கொண்டே "உனக்கு என்ன பிரச்சினை?" என்று ஒரு கேள்வி. பிள்ளை தலையைக் குனியும். ஒரு மாதத்துக்கு மாத்திரை எழுதப்படும்.

எங்கள் முதல் கோரிக்கை நேரம் பற்றியது. வாரத்தில் ஒரு அரைநாள், முடிந்தால் சனிக்கிழமை, பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்குங்கள். அன்று புதிதாக வருவோர் நான்கு பேருக்கு மேல் வேண்டாம். ஒவ்வொருவருக்கும் நாற்பது நிமிடம். முதல் பத்து நிமிடம் குடும்பத்தோடு, அடுத்த இருபது பிள்ளையோடு தனியாக, கடைசிப் பத்து எல்லோரும் சேர்ந்து. மருத்துவர் ஒருவரே நாற்பது நிமிடமும் உட்கார வேண்டியதில்லை. குடும்ப வரலாற்றைச் சமூகப் பணியாளர் வெளியிலேயே எடுத்துவிடலாம். எடை, உயரம், ரத்த அழுத்தம், கண்பார்வை ஆகியவற்றைச் செவிலியர் பார்த்துவிடலாம். சோர்ந்து கிடக்கும் பிள்ளைக்கு ஹீமோகுளோபினும் தைராய்டும் அன்றே பார்க்க வேண்டும். இரத்தசோகை இங்கே அவ்வளவு சாதாரணம். பேச்சு வராத பிள்ளைக்கு ஆட்டிசம் என்று எழுதும் முன் செவித்திறன் சோதனை கட்டாயம்.

அறைக்கு ஒரு கதவு வேண்டும். சிரிக்க வேண்டாம், பல மருத்துவமனைகளில் மனநல ஓ.பி.க்குத் திரைச்சீலை மட்டும்தான். பேசுவது வெளியே கேட்கக் கூடாது, ஆனால் உள்ளே நடப்பது வெளியிலிருந்து தெரிய வேண்டும். ஆகவே மேல்பாதி கண்ணாடி வைத்த கதவு. ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையிடம் கேள்வி கேட்டுப் பயனில்லை. விளையாட விட்டுத்தான் பார்க்க வேண்டும். கட்டைகள், ஒரு பந்து, இரண்டு பொம்மை, சொப்புச் சாமான், கிரேயான், தாள், சோப்புக் குமிழி விடும் குப்பி. குமிழி ஊதியதும் பிள்ளை நம் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதா, "இன்னும்" என்று கையையோ கண்ணையோ காட்டுகிறதா என்பதில் பத்து நிமிடப் பேட்டியில் கிடைக்காத விஷயம் கிடைக்கும்.

பிள்ளையைத் தனியே பார்ப்பதற்குப் பெற்றோர் தடை சொன்னால் அதற்கு ஒரு வழக்கமான வாசகம் இருந்தால் போதும்: "இங்க வர்ற எல்லாப் பிள்ளைங்ககிட்டயும் கொஞ்ச நேரம் தனியா பேசுவோம், அப்புறம் உங்களைக் கூப்பிடறோம்." எல்லோருக்கும் இதுதான் முறை என்று தெரிந்ததும் யாரும் தகராறு செய்வதில்லை. சந்தேகத்தின் பேரில் ஒருவரை மட்டும் தனியே அழைத்தால்தான் சிக்கல்.

தனியே உட்கார்ந்ததும் முதலில் சொல்ல வேண்டியது ரகசியத்தின் எல்லையை. "நீ சொல்றது எனக்குள்ளயே இருக்கும். மூணு விஷயம் மட்டும் அப்படி வச்சுக்க முடியாது: உன் உயிருக்கு ஆபத்துன்னா, உன்னால வேற ஒருத்தருக்கு ஆபத்துன்னா, யாராச்சும் உன்கிட்ட தப்பா நடந்துக்கிட்டா. அப்படி இருந்தா யார்கிட்ட, என்ன சொல்லப் போறேன்னு உன்கிட்ட முதல்ல சொல்லிட்டுத்தான் செய்வேன்." இதைச் சொல்லாமல் கதையைக் கேட்டுவிட்டு, பிறகு "இதை போலீஸில் சொல்லியாக வேண்டும்" என்று நிற்பதுதான் பிள்ளைகள் நம்மை நம்பாமல் போவதற்குப் பெரிய காரணம். போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி தெரிவிப்பது கட்டாயம். தெரிவிக்காமல் விட்டால் 21ஆம் பிரிவில் தண்டனை உண்டு. இருவரும் பதினேழு வயது, விரும்பிப் பழகினார்கள் என்றாலும் சட்டம் ஒன்றுதான். இதில் மருத்துவர்களுக்கே நடுக்கம் இருக்கிறது. அந்த நடுக்கத்தில் சிலர் கேட்க வேண்டிய கேள்வியையே கேட்பதில்லை. யார் எழுதுவது, எந்தக் காவல் நிலையத்துக்கு, குழந்தைகள் நலக் குழுவுக்கு யார் தொலைபேசியில் சொல்வது, அன்றிரவு பிள்ளை எங்கே தங்கும் என்பதை ஒரு பக்கக் குறிப்பாக ஒவ்வொரு மருத்துவமனையும் எழுதி ஒட்டி வைக்க வேண்டும். பிள்ளை சொன்னதைப் பிள்ளையின் வார்த்தையிலேயே, மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும். நாகரிகமாக மாற்றி எழுதிய குறிப்பு நீதிமன்றத்தில் நிற்காது. ஒருமுறை கேட்டதைப் பயிற்சி மருத்துவர், மகப்பேறு மருத்துவர், மனநல மருத்துவர் என்று ஆளாளுக்கு மறுபடி கேட்பதை நிறுத்த வேண்டும்.

அடுத்தது தற்கொலை எண்ணம் பற்றிய கேள்வி. கேட்டால் எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்ற பயம் இன்னும் இருக்கிறது. கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை. பல பிள்ளைகளுக்கு அது ஒருவர் கேட்டுவிட்டாரே என்ற ஆறுதலைத் தருகிறது. ஆனால் "தற்கொலை எண்ணம் உண்டா?" என்று படிவத்தைப் பார்த்தபடி கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். படிப்படியாகப் போக வேண்டும். "சில நேரம் எல்லாமே வெறுத்துப் போன மாதிரி இருக்குமா?" "அப்படி இருக்கும்போது, காலைல எந்திரிக்காமலே போயிட்டா நல்லா இருக்கும்னு தோணுமா?" "செத்துடலாம்னே நினைச்சிருக்கியா?" "கடைசியா எப்போ அப்படித் தோணுச்சு?" "எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா? அதுக்கானது வீட்ல இருக்கா?" கடைசி இரண்டு கேள்விகள் வரை போகாமல் 'தற்கொலை எண்ணம் இல்லை' என்று எழுதுவது ஆபத்து. பதில் வரும்வரை பேசாமல் இருக்கவும் பழக வேண்டும். பத்து விநாடி மௌனம் நமக்குத்தான் நீளம்.

"ஆம்" என்று வந்தால் அன்றே, அந்த அறையிலேயே, ஒரு பக்கப் பாதுகாப்புத் திட்டம் எழுதப்பட வேண்டும், பிள்ளையின் கையெழுத்தில். மனசு மோசமாகப் போகிறது என்பதற்கு என்ன அறிகுறி, அப்போது தானே செய்யக்கூடியது என்ன, யாரிடம் போய் உட்காரலாம், யாரிடம் வாய்விட்டுச் சொல்லலாம், எந்த எண்ணுக்கு அழைக்கலாம் என்ற வரிசையில். 'யாரிடம்' என்ற இடத்தில் அம்மா பெயரை நாமே எழுதிவிடக் கூடாது. பல வீடுகளில் அது அத்தையாக, பாட்டியாக, பக்கத்து வீட்டு அக்காவாக, பி.டி. சாராக இருக்கும். வீட்டைப் பாதுகாப்பாக்கும் வேலை மட்டும் பெரியவர்களுடையது. பூச்சிமருந்து, எலி மருந்து, தாத்தாவின் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் எல்லாம் பூட்டுக்குள் போக வேண்டும், அல்லது வீட்டை விட்டே போக வேண்டும். "ஜாக்கிரதையா பாத்துக்கங்க" என்று பொதுவாகச் சொன்னால் ஒன்றும் நடக்காது. எது எங்கே இருக்கிறது, யார் எடுப்பது, சாவி யாரிடம் என்று பேர் பேராகக் கேட்டுத் தாளில் எழுத வேண்டும். நம் பிள்ளைகளில் பலர் செய்வது நெடுநாள் திட்டமிட்ட செயல் அல்ல; திட்டு வாங்கிய அரைமணி நேரத்தில் கைக்கு எட்டியதை எடுப்பதுதான். கைக்கு எட்டாமல் வைத்தால் அந்த அரைமணி கடந்துபோகும்.

கடைசிப் பத்து நிமிடம் பெற்றோருக்கானது. பெரும்பாலும் கைப்பேசியில்தான் பேச்சு வந்து நிற்கும். பிடுங்கி வைத்துவிடுங்கள் என்று மருத்துவரும் ஒத்து ஊதுவது எளிது. வேண்டாம் என்கிறோம். நள்ளிரவில் பிள்ளை ஒரே ஒரு தோழியிடம் அழுதுகொண்டிருந்தது அந்தப் பேசியில்தான் என்றால், பிடுங்கிய இரவு மோசமான இரவாகிவிடும். தூக்க நேரத்துக்கு மட்டும் வீட்டில் எல்லோருடைய பேசியும் ஒரே இடத்தில் இருக்கட்டும், அப்பாவுடையதும் சேர்த்து. இதைப் பெற்றோர் ஒத்துக்கொள்வார்கள், பிள்ளையும் ஒத்துக்கொள்ளும். வீட்டில் குடி இருக்கிறதா, அடி இருக்கிறதா, அம்மாவுக்கே தூக்கமில்லையா என்பதையும் இந்தப் பத்து நிமிடத்தில்தான் கேட்க முடியும்.

இனி வார்டுக்கு வருகிறோம். விஷம் அருந்திய பிள்ளை அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறது. உறவினர்கள் "தெரியாம குடிச்சிட்டான்னு போட்டுக்கங்க சார்" என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சுவார்கள். விபத்துப் பதிவேட்டில் அப்படியே பதிவாகும். உடல் தேறியதும் டிஸ்சார்ஜ். மனநலப் பிரிவுக்குத் தாளே போகாது. இதன் வேர் சட்டத்தின் மீதான பயம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 115ஆம் பிரிவில், தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன நெருக்கடியில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குப் பராமரிப்பும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் அதே பிரிவு சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவே இல்லை. இந்தச் செய்தி அவசர சிகிச்சைப் பிரிவின் சுவரில் தமிழில், பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். பயம் போனால்தான் உண்மை பதிவாகும், உண்மை பதிவானால்தான் பிள்ளை சரியான இடத்துக்கு அனுப்பப்படும்.

நாங்கள் கேட்பது ஒரு விதி. தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டு வந்த பதினெட்டு வயதுக்கு உட்பட்ட எவரும், 'தெரியாமல்' என்று பதிவான பத்து வயதுக்கு மேற்பட்டவரும், மனநலக் குழு பார்க்காமல் டிஸ்சார்ஜ் ஆகக் கூடாது. நினைவு தெளிந்த இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். டிஸ்சார்ஜ் தாளில் அடுத்த சந்திப்பின் தேதி, பார்க்கப்போகும் ஆளின் பெயர், அறை எண் மூன்றும் இருக்க வேண்டும். 'மனநல ஓ.பி.யில் காட்டவும்' என்ற வரிக்கு எந்தப் பயனும் இல்லை. அந்தச் சந்திப்பும் ஏழு நாட்களுக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் வீடு திரும்பிய முதல் சில வாரங்கள்தான் மிக ஆபத்தானவை.

அவசர சிகிச்சைப் பிரிவில் நடக்கும் இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வலிப்பு போல் வெட்டி இழுக்கும் பிள்ளை, பெரும்பாலும் பதின்வயதுப் பெண், கொண்டுவரப்படுகிறாள். இது கால்கை வலிப்பு இல்லை என்று தெரிந்ததும் "நடிக்கிறா" என்று முடிவாகிறது. நெஞ்செலும்பில் விரல் முட்டியால் அழுத்துவது, மூக்கருகே அமோனியா காட்டுவது, எல்லோர் முன்னாலும் அதட்டுவது எல்லாம் இன்றும் நடக்கின்றன. இது நடிப்பு இல்லை. மனம் தாங்காத ஒன்றை உடல் வழியே வெளிக்காட்டும் நோய்நிலை. பிள்ளையின் விருப்பத்தில் நடப்பதில்லை. அடையாளம் காண வழிகள் உண்டு. கண்ணை இறுக மூடியிருப்பாள், திறக்க முயன்றால் எதிர்ப்பாள். தலை பக்கவாட்டில் ஆடும். கைகால் உதறல் ஏறி இறங்கி, விட்டு விட்டு வரும். இரண்டு நிமிடத்தைத் தாண்டி நீளும். முடிந்ததும் வழக்கமான குழப்பநிலை இல்லாமல் சட்டென்று தெளிவாள், அல்லது அழுவாள். இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. உண்மையான வலிப்பும் இதுவும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தே இருக்கலாம். வலிப்பு நடக்கும்போது வீட்டில் எடுத்த கைப்பேசிக் காணொளி பெரிய உதவி. தேவையின்றிப் பல ஆண்டுகள் வலிப்பு மாத்திரை விழுங்கும் பிள்ளைகள் குறைவார்கள். பிறகு, "உடம்புக்கு ஆபத்தான வலிப்பு இல்ல, ஆனா இது நிஜம், சரியாகும்" என்று பிள்ளையிடமும் வீட்டாரிடமும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும். கல்யாணப் பேச்சு, பரீட்சை, வீட்டில் யாரோ ஒருவரின் கை என்று உள்ளே இருப்பது எது என்பதை மறுநாள் தனியே கேட்க வேண்டும்.

மருந்தகத்தைப் பற்றி. நம் இருப்பில் பெரியவர்களுக்கான அளவுகளே இருப்பதால் பிள்ளைகளுக்குத் தவறு நேர்கிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளையின் கடும் எரிச்சலுக்கு ரிஸ்பெரிடோன் தொடங்கினால் இருபது கிலோவுக்குக் கீழே 0.25 மி.கி. போதும். கையில் இருப்பதோ 2 மி.கி. மாத்திரை. அதை எட்டாக உடைத்துக் கொடுங்கள் என்று பாட்டியிடம் சொன்னால் ஒரு நாள் தூள், ஒரு நாள் பாதி. ஒரு மில்லியில் 1 மி.கி. உள்ள திரவ மருந்து வேண்டும், கூடவே ஊசியில்லாச் சிரிஞ்சும். மனச்சோர்வுக்குத் தரும் ஃபுளுவாக்ஸெட்டின் 10 மி.கி.யில் தொடங்க வேண்டும். 20 மட்டுமே இருந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் தரலாம், அந்த மருந்து உடலில் நெடுநேரம் தங்குவது. அதைத் தொடங்கிய முதல் நான்கு வாரம் வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். அமைதியின்மையோ சாவு எண்ணமோ புதிதாகத் தலைகாட்டக் கூடும் என்பதால்தான். தற்கொலை எண்ணம் உள்ள பிள்ளைக்கு ஏழு நாளுக்கு மேல் மாத்திரை கையில் கொடுக்கவே கூடாது, அதுவும் பெரியவர் கையில். ஒரு மாதத்துக்கு மொத்தமாகத் தரும் வழக்கம் சர்க்கரை நோய்க்குச் சரி, இங்கே சரியில்லை. அமிட்ரிப்டிலின், இமிப்ரமின் போன்ற பழைய மாத்திரைகளை இந்த வயதில், அதுவும் வீட்டில் சின்னத் தம்பி தங்கை இருக்கும்போது, தலைவலிக்கும் படுக்கையில் சிறுநீர் கழிப்பதற்கும் சாதாரணமாக எழுதுவதைக் கைவிட வேண்டும்.

ஹாலோபெரிடாலோ ரிஸ்பெரிடோனோ தொடங்கிய முதல் சில நாட்களில் கழுத்து ஒருபக்கம் முறுக்கிக்கொண்டு, கண் மேலே சொருகி, தாடை இறுகிப் போகலாம். பையன்களிடம் இது அதிகம். வீட்டில் பார்ப்பவர்கள் பேய் என்று கோயிலுக்குத் தூக்குவார்கள். இப்படி வரலாம், வந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு புரோமெத்தசின் ஊசி போட்டால் சரியாகிவிடும் என்று மருந்துச் சீட்டிலேயே தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். வயதுக்கு வந்த பெண்களுக்கு வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து கூடியவரை வேண்டாம். பின்னாளில் கருவைப் பாதிக்கும். வலிப்புக்கு ஃபீனோபார்பிடோன் சாப்பிடும் பிள்ளை ஓரிடத்தில் உட்காராமல் துறுதுறுவென்று இருந்தால், கவனக்குறைபாட்டு நோய் என்று இன்னொரு மருந்து சேர்க்கும் முன் அந்த மருந்தையே சந்தேகிக்க வேண்டும். உண்மையிலேயே கவனக்குறைபாடும் மிகைச்செயல்பாடும் உள்ளவர்களுக்கு மெத்தில்ஃபெனிடேட் தேவை. அது எக்ஸ் அட்டவணை மருந்து. சீட்டு இரண்டு பிரதி எழுத வேண்டும், ஒன்றை மருந்தகம் இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும். இந்தத் தொல்லைக்காகவே பல மாவட்டங்களில் வாங்குவதில்லை. மாவட்டத்துக்கு ஒரு மருந்தாளுநரைப் பொறுப்பாக்கினால் தீரும் பிரச்சினை இது.

"படிப்பு ஏறல" என்று வரும் பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஓ.பி.யில் இவர்கள் நிறைய. இவர்களுக்கு ஐ.க்யூ. சோதனை ஒன்று செய்து, ஒரு எண்ணை எழுதி அனுப்பிவிடுகிறோம். நுண்ணறிவு நன்றாக இருந்தும் வாசிக்க வராத பிள்ளை இதில் தெரியாது. கற்றல் குறைபாட்டுக்கான சோதனைகள் பெரும்பாலும் ஆங்கில வாசிப்பை வைத்து அமைந்தவை. தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் சோதனை செய்தால் எல்லோரும் குறைபாடு உள்ளவர்களாகத் தெரிவார்கள். தமிழில் தடுமாற்றம் வேறு மாதிரி வரும். எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒத்துப்போவதால், இந்தப் பிள்ளை தப்பாகப் படிக்காமல் மிக மெதுவாக, எழுத்துக் கூட்டிப் படிக்கும். எனவே பிழைகளை மட்டும் எண்ணாமல் ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் என்று பார்க்க வேண்டும். எழுதச் சொன்னால் 'கொக்கு' என்பதில் முன்னால் கொம்பைப் போட்டுப் பின்னால் வரும் காலை விட்டுவிடும், அல்லது இரண்டையும் பின்னால் போடும். 'பள்ளி' பல்லியாகும், 'பட்டம்' படம் ஆகும், குறில் நெடில் மாறும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை இதில் சிலவற்றைச் செய்வது இயல்பு, ஏழாம் வகுப்பில் தொடர்ந்தால் இல்லை. ஆகவே தமிழ்ப் பாடநூலிலிருந்தே வகுப்புவாரியாக வாசிப்புப் பத்தி, சொல்வதை எழுதுதல், கணக்கு ஆகியவற்றைத் தொகுத்து, தமிழ்வழிப் பிள்ளைகளிடம் சரிபார்த்து, எல்லா மாவட்டங்களுக்கும் ஒரே தொகுப்பாகத் தர வேண்டும்.

கற்றல் குறைபாடு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்ற 21 வகைகளில் ஒன்று. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் கிடைக்கும். பத்தாம் வகுப்பு ஜனவரியில் சான்றிதழுக்கு ஓடிவந்தால் சோதனைக்கே நேரம் இருக்காது. ஒன்பதாம் வகுப்பு ஜூனிலேயே பள்ளிகள் அனுப்ப வேண்டும் என்று பள்ளிக் கல்வித் துறையோடு சேர்ந்து ஒரு கடிதம் போடுங்கள். 'சோம்பேறி' என்று அடி வாங்கி வளரும் இந்தப் பிள்ளைகள்தான் எட்டாம் வகுப்பில் பள்ளிக்குப் போக மறுப்பதும், ஒன்பதில் மனச்சோர்வோடு வருவதும்.

உள்நோயாளியாகச் சேர்ப்பது அரிதாகவே தேவைப்படும். மனநலச் சட்டத்தின் 87ஆம் பிரிவு வழியைத் தெளிவாகச் சொல்கிறது: இரண்டு வல்லுநர்கள் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும், பிள்ளை பெரியவர்களோடு ஒரே வார்டில் இருக்கக் கூடாது, துணைக்கு ஒருவர் முழு நேரமும் இருக்க வேண்டும், 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தனி வார்டு கட்டும்வரை காத்திருக்காமல், குழந்தைகள் வார்டில் செவிலியர் மேசைக்கு எதிரே இரண்டு கட்டில்களை ஒதுக்கினால் இப்போதைக்குப் போதும்.

திரும்ப வராத பிள்ளைகளைத் தேடிப் பிடிப்பதும் நம் வேலைதான். முதல் வருகை முடிந்த மூன்றாம் நாள் சமூகப் பணியாளர் தொலைபேசியில் அழைக்க வேண்டும். ஓ.பி. சீட்டில் இருப்பது பெரும்பாலும் அப்பாவின் எண், அவர் வெளியூரில் லாரியில் இருப்பார். இரண்டு எண்கள் வாங்க வேண்டும். வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்ல வேண்டும், என்ன சொல்லக் கூடாது என்று பிள்ளையிடமே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். சீட்டில் 'மனநலப் பிரிவு' என்று சிவப்பு மையில் முத்திரை குத்துவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். அந்த முத்திரைக்குப் பயந்து சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள், அடுத்த முறை எந்த மருந்து என்று யாருக்கும் தெரிவதில்லை. அறை எண் மட்டும் போதும். ஆரம்பநிலை இடையீட்டு மையத்தின் கோப்பும் மனநலப் பிரிவின் கோப்பும் ஒரே வளாகத்தில் இருந்தும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. ஆறு வயதுவரை அங்கே பேச்சுப் பயிற்சி பெற்ற பிள்ளை ஏழு வயதில் இங்கே புதுப் பிள்ளையாக வந்து, முதலிலிருந்து எல்லாச் சோதனையும் செய்துகொள்கிறது. மாதம் ஒருமுறை இரு குழுவும் ஒரு மணி நேரம் ஒன்றாக உட்கார்ந்தால் இது தீரும்.

பொதுத்தேர்வு முடிவுகளும் நீட் முடிவும் வெளிவரும் வாரங்களில் 104 வழியே மாணவர்களை அழைத்துப் பேசும் வேலையை அரசு சில ஆண்டுகளாகச் செய்கிறது. நல்ல வேலை. அந்த அழைப்பில் நலமாக இல்லை என்று தெரியவரும் பிள்ளைக்கு மறுநாளே மாவட்ட மருத்துவமனையில் இடம் இருக்க வேண்டும். அதற்காக மே, ஜூன் மாதங்களில் மட்டும் இந்த அரைநாள் ஓ.பி.யை வாரம் மூன்று நாளாக்குங்கள்.

மேலே கேட்டவற்றில் கதவு, விளையாட்டுப் பொருள்கள், திரவ மருந்து தவிர மற்றவை ஒரு சுற்றறிக்கையில் முடிபவை. ஒரு கோரிக்கை மீதம். மாதாந்திர அறிக்கையில் இப்போது எத்தனை பிள்ளைகளைப் பார்த்தோம் என்று மட்டும் கேட்கிறீர்கள். அதனால்தான் ஆளுக்கு நாலு நிமிடம் என்று அறுபது பேரைப் பார்க்கும் பிரிவு நன்றாக நடப்பதாகத் தெரிகிறது. அதன் பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டங்கள் சேருங்கள்: புதிதாக வந்தவர்களில் எத்தனை பேர் பதினான்கு நாளுக்குள் திரும்பி வந்தார்கள், விஷமருந்தி வந்த பிள்ளைகளில் எத்தனை பேரை டிஸ்சார்ஜுக்கு முன் மனநலக் குழு பார்த்தது. வரும் மாத அறிக்கையிலிருந்தே இவற்றைக் கேட்கத் தொடங்குங்கள். படிவத்தின் மாதிரியைத் தயாரித்துத் தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
குழந்தை, வளரிளம் பருவ மனநலப் பணியில் உள்ள மருத்துவர்கள், உளவியலாளர்கள், சமூகப் பணியாளர்கள், செவிலியர்கள்